எண்ணெய் வைக்க விடாத தலை

குமார், இதைக் கிழித்துப் போடுவதென்றால் போடு, ஆனால் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி. உன் அம்மாவின் தலையில் யாரும் ஆபரேஷன் செய்யவில்லை. உயிரோடு இருந்த வரைக்கும் ஒரு கத்தி அவள் தலையில் பட்டதில்லை. எந்தக் காரியத்துக்காக இரண்டு வருடமாக நீ என்னோடு பேசாமல் இருக்கிறாயோ, அந்தக் காரியத்தை நான் செய்யவே இல்லை. நான் செய்தது வேறு. அது உனக்குத் தெரியாது. தெரிந்தால் இதைவிட அதிகமாகக் கோபம் வரும் என்ற பயத்தில்தான், செய்யாத குற்றத்தை வாயைத் திறக்காமல் சுமந்துகொண்டு திரிந்தேன். அடுத்த மாதம் சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறாயாம், அத்தை சொன்னாள். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். நாலு நாளாக எழுதுகிறேன். எழுதுவதும் எழுந்து போய்ச் சாயத் தொட்டியைப் பார்ப்பதும் திரும்பி வந்து எழுதியதை அடிப்பதுமாக இருக்கிறேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை நம் சாயப்பட்டறைக்காரர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குக் காட்டுகிறாய் என்று குதிக்காதே. பொய்யை நான் ஊர் கூடியிருந்த வாசலில்தான் சொன்னேன். உன்னிடம் மட்டும் காதோடு காதாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அது பாதிதான் வாங்கினது. மலர் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவேன். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது நீ போன் செய்வாய் என்ற நப்பாசையும் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் ஆரம்பித்தது. அப்போது நீ பூனாவில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். சாயப்பட்டறையில் என் பெயர்தான் போர்டில் இருந்ததே தவிர, கண் உன் அம்மாவுடையது. சேத்துப்பட்டிலிருந்து கல்யாணப் புடவைக்கு யாராவது ஒரு ரவிக்கைத் துண்டைக் கொண்டு வந்து இதே கலர் வேணும் என்பார்கள். நான் மூன்று தடவை முக்கிப் பார்த்துத் தலையைச் சொறிவேன். அவள் துண்டை வெயிலில் ஒரு தடவை காட்டிவிட்டு, "நீலம் ஒரு சிட்டிக சாஸ்தியாக் குந்தியிருக்குதுங்க, அத்த எடுத்துட்டு மஞ்ச கூட்டுங்க" என்பாள். சொன்னால் சொன்னதுதான். அந்தக் கண்தான் முதலில் போனது. கிளிப்பச்சை கேட்டவருக்குப் பாசிப்பச்சை போனது. ஒரே தொட்டியில் சாயத்தை இரண்டு தடவை கொட்டினாள். நூலைத் திருப்பிக் கொண்டு வந்த நெசவாளி என்னிடம் கத்த, நான் அவளிடம் கத்தினேன். "நெனப்பு எங்க கீது உனுக்கு?" என்று பத்து பேர் எதிரில் கேட்டேன். அவள் தன் விரலில் ஒட்டியிருந்த சாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதெல்லாம் கத்துவதுதான் வைத்தியம் என்று நினைப்பு.

பிறகு மறதி வந்தது. அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள், உன் கல்யாணம் முடிந்துவிட்டதை மறந்தாள், ஒரு நாள் கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வீட்டுக்கு எப்படிப் போவது என்று பூக்காரியிடம் கேட்டாள். வேலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு இது வயதானவர்களுக்கு வரும் மறதி வியாதி என்றார். தலைக்குள் தண்ணீர் கோத்திருக்கவும் வாய்ப்பு உண்டு, சின்னதாகத் துளை போட்டு வடித்துப் பார்க்கலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். நீ அன்றைக்கு லீவில் வந்திருந்தாய். "அம்மா தலையில யாரும் கை வெக்கக் கூடாதுப்பா, எனுக்கு சத்தியம் பண்ணு" என்றாய். ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்க நான் உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை அவள் இருந்தவரை நான் மீறவில்லை.

அடுத்த வருடம் அவளுக்குக் குழந்தைகள் தெரிய ஆரம்பித்தார்கள். மூங்கிலில் காயும் நூலுக்குப் பின்னால் பாவாடை கட்டிய இரண்டு சின்னப் பெண்கள் நிற்பதாகச் சொன்னாள். பட்டப்பகல், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அங்கே ஈ காக்கை இல்லை. அவள் பயப்படவில்லை குமார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பாவம், காலீலேந்து நின்னுகினே கீதுங்க, சோறு போட்டுட்டு வரேன்" என்று இரண்டு தட்டைக் கழுவிக்கொண்டு போவாள். காஞ்சிபுரத்து வியாபாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் அப்படிப் போய்க் காலியான மூலையில் தட்டை வைத்துவிட்டு, "வெக்கப்படாம துன்னுங்கமா" என்றாள். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்கு மானம் போனது. நன்றாகக் கேட்டுக்கொள், அவளுக்கு என்ன ஆகிறது என்ற கவலையைவிட எனக்கு அந்த மானம் பெரிதாக இருந்தது. இல்லாத குழந்தைகளுக்குச் சோறு போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு பிடி சோறு. இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கத் தெரியவில்லை.

ஊரிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்றதும் அதற்கென்று ஒரு மாத்திரை எழுதினார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை, அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. பாதி மாத்திரையில் ஆரம்பியுங்கள், பத்து நாள் கழித்து வந்து சொல்லுங்கள் என்றார். குழந்தைகள் கொஞ்சம் குறைந்தார்கள், முழுசாகப் போகவில்லை. நான் பத்து நாள் காத்திருக்கவில்லை. பேஜார், ஜல்தியாக ஒழியட்டும் என்று நானாகவே முழு மாத்திரையாக்கினேன். பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. டாக்டரிடம் போய், நல்லாக் கேக்குது சார், இதையே எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். குழந்தைகள் போய்விட்டார்கள். அவர்களோடு சேர்ந்து உன் அம்மாவும் போக ஆரம்பித்தாள். கை கால் விறைத்தது. முகத்தில் சிரிப்பு அழுகை எதுவும் ஏறவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தால் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு இருப்பாள். சோறு வாயிலேயே நிற்கும், விழுங்க மறந்துவிடுவாள். வியாதி முற்றுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அவளைப் பார்த்துக்கொள்ளத் தேவிகாபுரத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவாளே லோகு, நினைவிருக்கிறதா? ஊரில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள், நம் வீட்டு வேலைக்கு வந்து உன் அம்மாவுக்குக் குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிவிட்டு எல்லாம் செய்தாள். ஒரு நாள் நான் மாத்திரையை எடுக்கும்போது அவள் குறுக்கே வந்து நின்றாள். "கோச்சுக்காதீங்க. அந்த மாத்திர போட்டாத்தான் அம்மா கட்டையாப் பூட்றாங்க. முந்தாநேத்து நீங்க காஞ்சிபுரம் போய் மறந்துட்டீங்க இல்ல, அன்னிக்கு ஏந்து குந்தி எங்கையால ஒரு இட்லி துன்னாங்க. எம்பேரு சொல்லிக் கூப்டாங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ இன்னா டாக்டருக்குப் படிச்சிருக்கிறியா? நாளையிலேந்து வராத" என்றேன். அவள் அன்று மாலை வரை இருந்து, ஊட்ட வேண்டியதை ஊட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள். தொலைவு காரணமாக வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று உன்னிடம் போனில் சொன்னேன். அதுவும் பொய்.

பெங்களூருக்குக் கூட்டிப் போனது நீ பிடுங்கிய பிடுங்கலில்தான். அங்கே ஒரு பெண் டாக்டர், நம் ஓசூர்ப் பக்கத்துப் பெண், உன்னைவிடச் சின்னவள். அவள் மாத்திரைச் சீட்டைக் கேட்டாள். வீட்டிலேயே விட்டுவிட்டேன், ஏதோ தூக்க மாத்திரை என்று மழுப்பினேன். நானாகக் கூட்டியது வெளியே வந்துவிடுமே என்ற பயம். எது கொடுத்திருந்தாலும் முதலில் எல்லாவற்றையும் நிறுத்துவோம் என்றாள் அவள். நாலைந்து நாளில் உன் அம்மா கொஞ்சம் தெளிந்தாள். ஒரு காலை வார்டில் வெயில் வந்து விழ, அவள் அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனுக்கு இன்னாதாம்மா வந்துகீது?" என்று கேட்டாள். "ஸ்கேன்ல முழுசாத் தெரியாதும்மா. உள்ள எந்தப் புரதம் கெட்டிருக்குன்னு மூளையையே எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும், அது உயிரோட இருக்கறவங்ககிட்ட முடியாது" என்றாள் டாக்டர். உன் அம்மா சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துச் சிரித்தாள். "அப்ப செத்தப்புறம் பாரு. எனுக்கு மட்டும் இத்த மூடி வெச்சிகினு இன்னா ஆவப்போவுது? பாத்துட்டு இவருகிட்ட சொல்லு, இவரு எங்கண்ணு போச்சின்னு கத்திகினே கீறாரு" என்றாள். டாக்டரும் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெளிந்தாலும் சரியாக விழுங்க முடியாமல் சாப்பாடு நெஞ்சுக்குள் போய், சளி கட்டி, பத்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு அந்த டாக்டர் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா, உங்களுக்கு இஷ்டம் இல்லையென்றால் இத்தோடு விட்டுவிடுகிறேன் என்றாள். உனக்குப் போன் செய்து கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அவள் சிரித்துக்கொண்டு சொன்னது என் காதில் இருந்தது, உன் சத்தியமும் இருந்தது. அவள் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். மத்தியானம்வரை வேப்பமரத்தடியில் நடந்துகொண்டே இருந்தேன். வெள்ளைத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். முகம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை நீ வந்து இறங்கின நேரம்தான் அத்தை கிண்ணத்தில் எண்ணெயும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு வந்தாள். குளிப்பாட்டும் முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் வைக்க வேண்டும், கட்டை அவிழ் என்றாள். அவிழ்த்தால் தையல் தெரியும். "கட்ட அவுக்கக் கூடாது, தலையில எண்ண படக் கூடாது" என்றேன். "இன்னாடா அநியாயம் இது, பொணத்துக்கு இன்னா பண்ணும்? ஏன் கூடாது?" என்று அத்தை விடவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. என் வாயிலிருந்து, "ஆபரேஷன் பண்ணாங்க" என்று வந்துவிட்டது. யோசித்துச் சொன்னது இல்லை குமார், இழுத்த இழுப்பில் வந்தது. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "வேணாம்னு சத்தியம் வாங்கினேனே! அறுத்துக் கொன்னுட்டியா?" என்று கேட்டாய். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. செத்த பிறகு எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால், உடம்பு முழுசாக இல்லாமல் எப்படிக் கொள்ளி வைப்பது என்று அங்கேயே ரகளை நடந்திருக்கும். கால் பெருவிரலில் அத்தை எண்ணெய் வைத்தாள். நீ கொள்ளி வைத்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது, சோதனை முடிந்துவிட்டது, நேரில் வந்தால் விளக்குகிறோம் என்று. போனேன். அதே டாக்டர். சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் மெல்லிசாகச் சீவி ஒட்டி வைத்திருந்ததைக் கருவியில் பார்க்கச் சொன்னாள். நான் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா, "இது இன்னா சாயம்?" உனக்குச் சிரிப்பு வரும். ஐம்பது வருடத் தொழில் புத்தி, பெண்டாட்டி மூளையைப் பார்க்கும்போதும் போகவில்லை. அவளும் ஆச்சரியப்பட்டு, ஒவ்வொரு கெட்ட புரதமும் ஒவ்வொரு சாயத்தைத்தான் பிடிக்கும், போடாத சாயத்துக்கு உரியது கண்ணுக்கே தெரியாது என்றாள். பட்டுநூலும் புரதம்தான், தாள் தாளாக மடங்கி அடுக்கியிருப்பதால்தான் அதற்கு அந்த உறுதி என்றாள். மூளையில் இருக்கும் புரதங்கள் எல்லோருக்கும் உள்ளவைதாம், வேலை செய்கிறவைதாம். அதில் ஒன்று மடங்க வேண்டிய மாதிரி மடங்காமல் போனால், பக்கத்தில் இருக்கும் தன் இனத்தையும் இழுத்து ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடுகிறது, கரையவும் மாட்டேன் என்கிறது. எனக்கு அவள் சொன்னதில் பாதி அன்றே விளங்கியது, மீதியை எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் கண்ணாடியில் நரம்புக்கு வெளியே திட்டுத் திட்டாக இருந்தது, அது அமிலாய்டு. இரண்டாவதில் நரம்புக்குள்ளேயே கறுப்பாகச் சிக்குப் பிடித்தது போல் இருந்தது, அது டாவ் என்று ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வேலூரில் சொன்ன மறதி வியாதி. சரி, தெரிந்ததுதானே என்று எழுந்துவிட்டேன். "உட்காருங்க ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று மூன்றாவதை வைத்தாள். நரம்புக்குள் சின்ன உருண்டைகள். அதற்குப் பெயர் சைனூக்ளின். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் மந்தம், உடம்பு விறைப்பது எல்லாம் இதன் வேலை என்றாள். "மூணும் ஒரே தலையிலயா?" என்றேன். வயதானவர்களுக்கு அப்படிக் கலந்து இருப்பது அபூர்வம் இல்லை, திறந்து பார்க்கிறபோதுதான் தெரிகிறது என்றாள்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "மூணுல எது மொதல்ல வந்துச்சு? எது கெடுத்துச்சு? அத்த சொல்லு" என்று மேசையைத் தட்டினேன். அவள் பொறுமையாக, நாங்கள் கடைசியில் வந்து பார்க்கிறோம், யார் ஆரம்பித்தது என்று இதில் தெரியாது என்றாள். அவை தனித்தனியாகவும் இல்லையாம். அமிலாய்டு சேருகிற தலையில் டாவ் வேகமாகப் பரவுகிறதாம். சோதனைக் குழாயில் டாவையும் சைனூக்ளினையும் ஒன்றாகப் போட்டால், தனியாக இருந்தால் சும்மா இருக்கக்கூடியவை, ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு இரண்டுமே கட்டியாகின்றனவாம். தலைக்குள் அதேபோல்தான் நடக்கிறதா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை என்றாள். முந்தைய சாயம் மிச்சம் இருக்கும் தொட்டியில் அடுத்த சாயம் வேறு மாதிரி ஏறுமே, அப்படியா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட. ஆனா இங்க தொட்டியே சேர்ந்து கெட்டுப் போகுது" என்றாள். உன்னைப் பற்றியும் கேட்டேன். இந்த வயதில் வருவது பிள்ளைக்கு நேராக இறங்கும் என்று சொல்ல முடியாது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு கூடலாம், அவ்வளவுதான் என்றாள். நீ பயந்துகொண்டு உட்காராதே.

அப்போதுதான் நான் சட்டைப் பையிலிருந்து அந்த மாத்திரைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு வருடம் முன்பு வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொன்ன சீட்டு அன்றைக்கும் என் பையில்தான் இருந்தது. அவள் படித்தாள். பிறகு, சைனூக்ளின் கெட்ட தலைக்கு இந்த வகை மாத்திரை ஆகவே ஆகாது, விறைத்துப் போவார்கள், விழுங்க முடியாமல் போகும் என்றாள். "எவ்வளவு கொடுத்தீங்க?" என்றாள். சொன்னேன். யார் கூட்டச் சொன்னது என்றாள். நான்தான் என்றேன். "அப்ப நாந்தான் கொன்னனா?" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல மாட்டேன், மூன்று புரதமும் சேர்ந்து அவரை எப்படியும் கொண்டுபோய்க்கொண்டுதான் இருந்தன, மாத்திரை கஷ்டத்தைக் கூட்டியிருக்கும், நாளையும் குறைத்திருக்கலாம், எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. தூக்கில் போடு, இல்லை விட்டுத் தொலை, இரண்டும் செய்யாமல் இது என்ன பேச்சு! பஸ்ஸில் வரும்போது வாலாஜா தாண்டும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகுதான் உறைத்தது. ஊரில் கிளிப்பச்சைக்குப் பாசிப்பச்சை போனால் யார் குற்றம் என்று ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடித்துக் கத்துவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் பழக்கம் இல்லை. நீயும் அதில் என் பிள்ளைதான் குமார். என்னைப் பிடித்தாய், கதவைச் சாத்தினாய். இனிமேல் உன் வீட்டில் உன் பெண்டாட்டிக்கோ பிள்ளைக்கோ ஒன்று என்றால், முதலில் யாரைப் பிடிக்கலாம் என்று பார்க்காதே. அந்த அறையில் அவர்களோடு நாள் முழுக்க இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேள். லோகு சொன்னதை நான் அன்று கேட்டிருந்தால் உன் அம்மா இன்னும் கொஞ்ச நாள் அந்தக் குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

போன வாரம் தேவிகாபுரம் போனேன். லோகு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நீ சொன்னதுதான் சரி, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அப்ப காதுல வாங்கலியே. இப்ப வந்து சொன்னா அம்மா ஏந்து வந்துருவாங்களா?" என்றாள். நான் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. ஒரு பிடி கடலையை உடைத்துப் போட்டுவிட்டு, "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "என்னாண்ட சொல்றது உங்களுக்குச் சுலுவு. நான் இன்னா பண்ணிடப் போறேன். அதுகிட்ட போய்ச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். அன்றைக்குப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆக, இதுதான். அவளை யாரும் அறுக்கவில்லை. மாத்திரையைக் கூட்டியவன் நான். பார்த்துச் சொன்னவளைத் துரத்தியவன் நான். நீ கொள்ளி வைத்த உடம்பில் மூளை இல்லை, அதை உன்னிடம் கேட்காமல் கொடுத்தவனும் நான். கொடுத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அது அவள் சொன்னது. மற்ற எல்லாவற்றுக்கும் கேட்கிறேன். கால் பிடித்துக் கேள் என்றாலும் கேட்பேன், எழுபத்திரண்டு வயதில் எனக்கு இனி என்ன மானம்.

டாக்டர் கடைசியாக ஒரு தாள் கொடுத்தாள். பாதி மூளை இன்னும் அங்கே உறைய வைத்து இருக்கிறதாம். இந்த மூன்றும் ஒன்றை ஒன்று எப்படிக் கிளப்பிவிடுகின்றன என்று பார்க்க, மூன்றும் ஒன்றாக இருக்கும் மூளை அவர்களுக்கு வேண்டுமாம், எத்தனை வருடமானாலும் வைத்துக்கொள்வார்களாம். குடும்பத்துக்கு இஷ்டம் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், சாஸ்திரப்படி செய்துகொள்ளலாம். வைத்துக்கொள்ளட்டும் என்று இருக்கும் இடத்திலும் நான் குறி போடவில்லை, திருப்பித் தரட்டும் என்று இருக்கும் இடத்திலும் போடவில்லை. இங்கேயே புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் டாக்டர். போதாது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ திருப்பி வாங்கச் சொன்னால் நானே போய் வாங்கி வருகிறேன், கமண்டல நாகநதிக் கரையில் உன் கையால் செய், அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வரட்டும், நான் தடுக்க மாட்டேன். வைத்துக்கொள்ளட்டும் என்றால் அப்படியே இருக்கட்டும். எதுவானாலும் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும். இந்தத் தடவை உனக்குக் கீழேதான் நான் போடுவேன்.

அப்பா